சிறு இசை வெளியீட்டகமும் அதன் நேயர் வட்டமும்

அறிமுகம்

தமிழில் இசை வெளியீடு என்றால் திரைப்படப் பாடல்களும், அவற்றின் உரிமையை வாங்கும் பெரிய நிறுவனங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு வெளியே, இரண்டு மூன்று பேர் ஒரு வீட்டு அறையில் நடத்தும் மிகச் சிறிய வெளியீட்டகங்களும் உலகெங்கும் உள்ளன. இவற்றைப் பேச்சு வழக்கில் ‘லேபிள்’ என்பார்கள். பழைய கிராமபோன் தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டத் தாளில் நிறுவனத்தின் பெயர் இருந்ததால் இந்தப் பெயர் வந்தது. இத்தகைய சிறு வெளியீட்டகங்களால் வளர்ந்த இசை வகைகளுள் ஒன்று ‘ஆம்பியன்ட்’ எனப்படும் சூழலிசை.

சூழலிசை எப்படிப்பட்டது, அதை வெளியிடும் ஒரு சிறு நிறுவனம் எப்படி இயங்குகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது, எந்தச் சட்டங்கள் பொருந்துகின்றன, நேயர்கள் இல்லாமல் அது ஏன் ஓராண்டுகூட நிற்க முடியாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ‘நேயர்’ என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். கேட்பவரை நேயம் உடையவர் என்று அழைப்பது தமிழ் வானொலி வளர்த்த நல்ல வழக்கம். சிறு வெளியீட்டகத்தின் கதை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

சூழலிசை என்றால் என்ன?

பெரும்பாலான பாடல்களில் பல்லவி, சரணம், தாளம் என்று ஓர் ஓட்டம் இருக்கும். அது நம் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். சூழலிசை அப்படிச் செய்வதில்லை. நீண்ட சுரங்கள் மெல்ல மாறிக்கொண்டிருக்கும். தாளம் பெரும்பாலும் இருக்காது. உற்றுக் கேட்டால் கேட்க நிறைய இருக்கும். வேறு வேலையில் மூழ்கினால் அறையின் வெளிச்சம்போல் பின்னால் நிற்கும்.

இந்த எண்ணத்தின் முன்னோடியாகப் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியைக் குறிப்பிடுவார்கள். அறையில் கிடக்கும் நாற்காலி மேசையைப் போல, இருப்பதே தெரியாமல் இருக்கும் இசை ஒன்றை அவர் 1917-இல் எழுதி, அதை ‘அறைகலன் இசை’ என்றார். இந்த வகைக்கு ‘ஆம்பியன்ட்’ என்ற பெயரை நிலைநாட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ஈனோ. 1975-இல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, ஒரு யாழிசைத் தட்டு மிகக் குறைந்த ஒலியில், வெளியே பெய்யும் மழையோசையோடு கலந்து அவருக்குக் கேட்டது. எழுந்து ஒலியைக் கூட்ட உடலில் தெம்பில்லை. இசை, சூழலின் ஒரு பகுதியாகவே இருக்கலாமே என்று அன்று தோன்றியதாக அவர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ தட்டும், 1978-இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தட்டும் வந்தன. முதலாவதை வெளியிட்டது ‘அப்ஸ்க்யூர்’ என்ற சிறு வெளியீட்டகம். அதை நடத்தியவரும் ஈனோவே. 1975 முதல் 1978 வரை அது வெளியிட்டவை பத்தே தட்டுகள்.

தமிழ் மாணவருக்கு இதை விளக்க எளிய வழி தம்புரா. கச்சேரியில் பாடகர் தொடங்கும் முன்பே தம்புரா ஒலிக்கத் தொடங்கிவிடும். அவர் முடித்த பிறகும் ஒலிக்கும். பஞ்சமம், இரண்டு மேல் ஷட்ஜம், ஒரு கீழ் ஷட்ஜம் என நான்கே தந்திகள். பாலத்தின்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூல் அந்த நாதத்துக்கு ரீங்காரத்தைத் தருகிறது. தம்புராவை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அது நின்றால் மட்டும் அரங்கு முழுவதற்கும் உடனே தெரிந்துவிடும். அந்த ரீங்காரத்தையே முழுக் கச்சேரியாக எண்ணிக்கொண்டால் சூழலிசையின் இயல்பு பிடிபடும்.

இந்தியத் தொடர்பு

இந்த இசை மேற்கிலிருந்து மட்டும் வந்தது என்று எண்ண வேண்டாம். அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க் சென்று, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தார். பதிலுக்கு மேற்கத்திய இசைக் கோட்பாட்டைக் கற்றார். இசையின் நோக்கம் மனத்தை அமைதிப்படுத்துவது என்ற இந்திய மரபுக் கருத்தைக் கேஜ் அவரிடமிருந்தே பெற்றார். 1952-இல் இசைக் கலைஞர் எதையும் வாசிக்காமல், அரங்கின் ஓசைகளையே கேட்க வைக்கும் புகழ்பெற்ற படைப்பைக் கேஜ் உருவாக்கினார். ஈனோ உள்ளிட்ட பின்வந்தவர்களுக்கு அது ஒரு திறப்பாக அமைந்தது.

1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைக்கப்பட்டது. அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே பல படைப்புகளைச் செய்து நாடாக்களில் பதிந்தனர். ஆனால் அவற்றை வெளியிட ஆளில்லை. நாடாக்கள் நிறுவனத்தின் அலமாரியிலேயே கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடியெடுத்துச் செப்பனிட்ட பிறகு, 2023-இல்தான் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. 1969 முதல் 1972 வரை செய்த இசையை நாடு கேட்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

வெளியீட்டகம் என்ற ஒன்று எதற்கு என்ற கேள்விக்கு இந்த நிகழ்வே பதில். இசையைச் செய்வது ஒரு வேலை. அது தொலைந்துபோகாமல் பிறர் கைக்குச் சேர்வது வேறொரு வேலை. இரண்டாவது வேலையைச் செய்ய ஆளில்லாவிட்டால் முதல் வேலையும் வீணாகிவிடக்கூடும்.

வெளியீட்டகம் செய்யும் வேலைகள்

ஒரு சிறு வெளியீட்டகத்தின் வேலைகளைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. தேர்வு: வரும் படைப்புகளைக் கேட்டு, தன் போக்குக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்தல். பெரும்பாலானவற்றை மறுப்பதும் இதில் அடங்கும்.
2. ஒப்பந்தம்: கலைஞரோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுதல்.
3. செம்மையாக்கம்: பதிவை இறுதி வடிவத்துக்குக் கொண்டுவருதல். இதை ‘மாஸ்டரிங்’ என்பர்.
4. வடிவமைப்பு: அட்டைப்படம், குறிப்புகள், தட்டு அல்லது கேசட் தயாரிப்பு.
5. விற்பனையும் அஞ்சலும்: ஆர்டர் பெறுதல், பொதி கட்டுதல், அனுப்புதல்.
6. கணக்கு: வந்த பணத்தைப் பதிந்து, கலைஞரின் பங்கைக் காலத்தில் கொடுத்தல்.
7. காப்பு: மூலப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் பாதுகாத்தல்.

பெரிய நிறுவனத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை உண்டு. சிறு வெளியீட்டகத்தில் ஏழையும் ஒருவரே செய்வார். அதுவும் வேறொரு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு மாலை நேரத்தில் செய்வார்.

உலகச் சான்றுகள் மூன்று

முதலாவது, வானொலியில் பிறந்த வெளியீட்டகம். ஸ்டீபன் ஹில் என்பவர் 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகர வானொலியில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ என்ற இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1983-இல் அது அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பானது. மறு ஆண்டு அதே பெயரில் இசைத்தட்டு வெளியீடும் தொடங்கியது. நேயர்கள் முதலில் சேர்ந்தார்கள், வெளியீட்டகம் பிறகு வந்தது.

இரண்டாவது, ஜப்பானின் ‘சவுண்ட் பிராசஸ்’. சதோஷி அஷிகாவா என்ற இளைஞர் நடத்திய இதில், 1982-இல் ஹிரோஷி யோஷிமுராவின் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ வெளிவந்தது. வீட்டில் எளிய கருவிகளால் பதிந்த அந்த இசை, டோக்கியோவின் ஹரா அருங்காட்சியகத்தில் ஒலித்தபோது, பார்வையாளர்கள் இது எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். அதுவே தட்டாக வரக் காரணமாயிற்று. அஷிகாவா 1983-இல் இளம் வயதிலேயே விபத்தில் இறந்தார்.  யோஷிமுராவும் 2003-இல் காலமானார். 2017-இல் ஓர் அமெரிக்கச் சிறு வெளியீட்டகம் அத்தட்டை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது உலகெங்கும் புதிய நேயர்கள் கிடைத்தார்கள். அதைக் காண அவர்கள் இருவருமே இல்லை.

மூன்றாவது, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பீட் நாம்லுக் 1992-இல் தொடங்கிய ‘ஃபாக்ஸ்’. பெயரோடு ஒரு தொலைநகல் எண்ணும் சேர்ந்தே இருக்கும். கடைகளும் நேயர்களும் அந்த எண்ணுக்கு ஆர்டர் அனுப்பலாம், பெயரே முகவரி. ஒவ்வொரு தட்டும் ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்ற குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சாகும். ஆனால் வெளியீடுகள் இடைவிடாமல் வரும். இருபது ஆண்டுகளில் சில நூறு தட்டுகள் வந்தன. 2012-இல் நாம்லுக் மறைந்ததும் ஃபாக்ஸும் நின்றது. மறு ஆண்டே அவரோடு பணியாற்றிய கலைஞர்களின் இசையைத் திரட்டி, பல தட்டுகள் கொண்ட நினைவுத் தொகுப்பு வெளிவந்தது.

இந்த மூன்றிலிருந்தும் ஓர் உண்மை தெரிகிறது. ஒருவரை மட்டும் நம்பிய வெளியீட்டகம் அவரோடு முடிந்துவிடும். அதன் இசை பிழைப்பது, அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நேயர்களால்தான்.

சென்னையின் எர்த்சிங்க்

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய சான்று சென்னையில் இயங்கிய ‘எர்த்சிங்க்’. சோனியா மசும்தார் இதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். யோத்தாம் அகம் ஒலிப்பதிவையும் இசைத் தயாரிப்பையும் கவனித்தார். எர்த்சிங்க் முழுமையான சூழலிசை வெளியீட்டகம் அன்று. நாட்டார் இசையையும் புதிய ஒலித் தொழில்நுட்பத்தையும் இணைப்பதே அதன் வழி. ஆயினும் ஓர் இடத்தின் ஓசையை அந்த இடத்திலேயே பதிந்து, சூழலோடு சேர்த்துக் கேட்கச் செய்யும் முறையில் அது நம் பொருளுக்கு உறவு.

இதன் புகழ்பெற்ற படைப்பு ‘லயா ப்ராஜெக்ட்’. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய நாடுகளின் கடற்கரை மக்களிடம் சென்று, அவர்களுடைய பாட்டையும் இசையையும் பதிந்து செய்தது. இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியா, மாலத்தீவு, மியான்மர், இந்தியா ஆகிய ஆறு நாடுகளில் பதிவு நடந்தது. ஹெரால்ட் மொன்ஃபில்ஸ் இயக்கிய படத்தில் விளக்கவுரை கிடையாது. பேட்டி கிடையாது. மக்களும் கடலும் இசையும் மட்டுமே. களத்தில் பதிந்த குரல்களுக்கு மேல், பின்னர் இசைக்கூடத்தில் பிற கருவிகளின் இசை சேர்க்கப்பட்டது.

குமரி மாவட்டத்துக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் கடற்கரை ஊர்கள் அன்று இழந்தவை கொஞ்சமல்ல. அந்த நாள்களில் எடுக்கப்பட்ட படங்களும் செய்திகளும் ஏராளம். அவை பெரும்பாலும் அழுகையையே பதிந்தன. அதே மக்கள் பாடக்கூடியவர்கள் என்பதையும் யாராவது பதிய வேண்டியிருந்தது. ஒரு சிறு வெளியீட்டகம் அதைச் செய்தது.

இதிலிருந்தே ‘நாகூர் செஷன்ஸ்’ என்ற தட்டும் பிறந்தது. நாகூர் தர்காவோடு தொடர்புடைய மூன்று பாடகர்களான அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர்மைதீன் பாபா சபீர் ஆகியோரின் சூஃபிப் பாடல்கள் அதில் உள்ளன. தட்டில் பாடகர்களின் பெயர் முதன்மையாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘நாட்டுப்புறப் பாடல், பாடியவர்: ஊர் மக்கள்’ என்று போட்டுவிட்டுப் போவது எளிது. பெயரைப் போட்டால்தான் உரிமையும் பங்கும் தொடரும்.

தொழில்நுட்பம்: மெல்லிய ஒலியின் சிக்கல்

சூழலிசைக்குத் தொழில்நுட்பத்தில் சில தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது நீளம். ஓர் எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல தரத்தில் ஏறத்தாழ 20 முதல் 22 நிமிடம்தான் பதியலாம். குறுந்தகட்டில் 74 முதல் 80 நிமிடம் வரை இடையீடின்றி ஓடும். ஒரு மணி நேரப் படைப்பைத் தட்டில் வெளியிட்டால் நடுவில் எழுந்து புரட்டிப் போட வேண்டும். எனவே 1990-களில் குறுந்தகடே சூழலிசைக்கு ஏற்ற ஊடகமாயிற்று.

இரண்டாவது இரைச்சல். ஒலி மிகத் தாழ்வாக இருக்கும் இடங்களில் எல்பியின் கீறலோசையும் கேசட்டின் ‘ஸ்ஸ்’ ஓசையும் மேலே வந்துவிடும். சிலர் அதையே அழகாகக் கருதுகிறார்கள். அதனால் கேசட்டில் வெளியிடும் சிறு வெளியீட்டகங்களும் உள்ளன.

மூன்றாவது ஒலியளவு. வானொலியிலும் கடையிலும் எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று பல பாடல்களைச் செம்மையாக்கத்தில் முழுவதும் உரக்க ஏற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள வேறுபாடு மறையும். சூழலிசைக்கு அந்த வேறுபாடே உயிர். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ −14 லஃப்ஸ் என்ற பொது அளவுக்குக் கொண்டுவருவதால், உரக்க ஏற்றுவதால் லாபமும் இல்லை.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு. குறுந்தகட்டில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். 44,100 × 16 × 2 = நொடிக்கு 14,11,200 பிட். ஒரு மணி நேரத்துக்கு 3,600-ஆல் பெருக்கி, பைட்டாக மாற்ற 8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 635 மெகாபைட். ஃபிளாக் என்ற கோப்பு முறையில் ஒலியில் எதையும் இழக்காமல் இதைச் சுருக்கலாம். எம்பி3 முறையில் இன்னும் சிறிதாகும். ஆனால் சில நுண்ணிய கூறுகள் நீக்கப்படும். ஆகவே காப்புக்கு ஃபிளாக் போன்ற இழப்பற்ற கோப்பே தகுந்தது.

சட்டம்: எழுத்தில் இருக்க வேண்டியவை

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 2012-ஆம் ஆண்டின் திருத்தமும் இதற்குப் பொருந்தும்.

- ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்.
- பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியாக நிகழ்த்துநர் உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள். வணிகப் பயன்பாட்டில் அவருக்கு உரிமைத் தொகையும் சேர வேண்டும்.
- உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும்.
- வெளியிடும் ஒலிப்பதிவில் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவை இடம்பெற வேண்டும்.

பழைய நாட்டார் பாடலின் சொற்களுக்குத் தனி உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம். அதனால் பாடும் பாட்டிக்கு உரிமை இல்லை என்று ஆகாது. அவர் பாடிய அந்த நிகழ்வு அவருடையது. கடலின் ஓசைக்கும் உரிமையாளர் இல்லை. ஆனால் அதை ஒருவர் ஒலிவாங்கியோடு காத்திருந்து பதிந்தால், அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் 12 எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியீடு பெறுவது நல்லது. எந்தத் தளத்தில் இசை ஒலித்தாலும் யாருடையது என்று கண்டுபிடிக்க இது உதவும். மனிதருக்கு ஆதார் எண் போல, பதிவுக்கு இது.

வரவும் செலவும்

ஒரு வெளியீட்டின் கணக்கைப் பார்ப்போம். கீழுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை.

- பதிவுக்கான பயணமும் வாடகையும்: ரூ. 6,000
- செம்மையாக்கம்: ரூ. 12,000
- அட்டைப்படம்: ரூ. 5,000
- 200 குறுந்தகடுகள், ஒன்று ரூ. 70 வீதம்: ரூ. 14,000
- பொதி கட்டும் செலவு: ரூ. 3,000
- மொத்தம்: ரூ. 40,000

குறுந்தகட்டின் விலை ரூ. 350, இணையப் பதிவிறக்கத்தின் விலை ரூ. 300 என்று வைப்போம். பேண்ட்கேம்ப் என்ற விற்பனைத் தளம் பொருள்களுக்கு 10 சதவீதமும் பதிவிறக்கத்துக்கு 15 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. வரியையும் பணப் பரிமாற்றக் கட்டணத்தையும் இங்கே விட்டுவிடுவோம். அப்படியானால் ஒரு குறுந்தகட்டில் ரூ. 315, ஒரு பதிவிறக்கத்தில் ரூ. 255 கிடைக்கும்.

80 பேர் குறுந்தகடு வாங்கினால் ரூ. 25,200. மீதி ரூ. 14,800-க்கு 59 பேர் பதிவிறக்கம் வாங்க வேண்டும். ஆக, 139 பேர் இருந்தால் போட்ட முதல் வந்துவிடும். 140-ஆவது ஆளிலிருந்து வருவதைக் கலைஞரும் வெளியீட்டகமும் பகிர்ந்துகொள்ளலாம். பாதிக்குப் பாதி என்பது சிறு வெளியீட்டகங்களில் பரவலான முறை.

139 என்பது ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு பந்திக்கும் குறைவு. அந்த 139 பேரும் யார், எங்கே இருக்கிறார்கள், அடுத்த தட்டுக்கும் வருவார்களா என்பதுதான் வெளியீட்டகத்தின் வாழ்வையும் முடிவையும் தீர்மானிக்கிறது. 70 பேர் மட்டும் வந்தால் ஏறத்தாழ பாதிப் பணம் கைப்பணத்திலிருந்து போகும். அப்படி இரண்டு முறை நடந்தால் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள்.

ஸ்ட்ரீமிங்கில் ஏன் பிழைக்க முடிவதில்லை?

ஸ்ட்ரீமிங் தளத்தில் போட்டால் கோடிக்கணக்கானோர் கேட்பார்களே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இங்கே கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு கேட்பு. மூன்று நிமிடப் பாட்டும் ஒரு கேட்புதான். நாற்பது நிமிடச் சூழலிசையும் ஒரு கேட்புதான். நீளமான இசைக்கு இது இயல்பிலேயே இழப்பு.

2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்கு உரிமைத் தொகை கிடையாது என்ற விதியும் வந்தது. மழை, அலை, மின்விசிறி போன்ற வெறும் ஓசைப் பதிவுகளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பணம் பார்ப்போரைத் தடுக்க, அவற்றுக்குக் குறைந்தது இரண்டு நிமிட நீளம் வேண்டும் என்றும், இசையைவிடக் குறைந்த மதிப்பே தரப்படும் என்றும் விதித்தார்கள். நோக்கம் சரியே. ஆனால் 139 உண்மையான நேயர்களை நம்பி வாழும் கலைஞருக்கு இந்தத் தளங்கள் விளம்பரப் பலகையாகலாமே தவிர, வயிற்றுக்கு வழியாவதில்லை.

நேரடி விற்பனைத் தளங்களிலும் முழு நம்பிக்கை வைத்துவிடக் கூடாது. 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப், 2020 மார்ச் முதல் சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுத்து, பெருந்தொற்றுக் காலத்தில் கலைஞர்களுக்குக் கைகொடுத்தது. அந்நிறுவனமே 2022-இல் ஒரு விளையாட்டு மென்பொருள் நிறுவனத்துக்கும், 2023-இல் இன்னொரு நிறுவனத்துக்கும் கைமாறியது. இரண்டாம் கைமாற்றத்தில் ஊழியரில் ஏறத்தாழ பாதிப்பேர் வேலை இழந்தார்கள். கடைத்தெரு மாறலாம், வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். நேயர்களின் சம்மதத்தோடு பெற்ற முகவரிகளை வெளியீட்டகம் தானே பாதுகாப்பாக வைத்திருப்பது இதனால்தான்.

நேயர் வட்டத்தை வளர்ப்பது

தென் மாவட்டத்தாருக்கு நேயர் வட்டம் புதிதன்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் கடற்கரைகளில் தெளிவாகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. நேயர்கள் அஞ்சலட்டை எழுதுவார்கள். அறிவிப்பாளர் ஊரையும் பெயரையும் வாசிப்பார். முகம் அறியாத இருவர் ஒரே பாட்டை விரும்பிக் கேட்டதால் பேனா நண்பர்கள் ஆனார்கள். அந்த உறவின் அடிப்படை இரண்டு: எழுதினால் பதில் வரும்; பெயர் மதிப்போடு சொல்லப்படும். இன்றைய சிறு வெளியீட்டகத்துக்கும் இதுவே அடிப்படை.

நடைமுறையில் பயன்தரும் வழிகள் சில:

- ஒவ்வொரு பொதியிலும் கையால் எழுதிய ஒரு வரிக் குறிப்பு வைத்தல்.
- மாதம் ஒரு கடிதம்: அடுத்து என்ன வருகிறது, ஏன் தாமதம், கணக்கு எப்படி என்று ஒளிவின்றி எழுதுதல்.
- ஆண்டுச் சந்தா: முன்கூட்டியே பணம் கட்டுவோருக்கு அவ்வாண்டின் எல்லா வெளியீடுகளும். வெளியீட்டகத்துக்கு இது முதலாகிறது. வாங்கிய சந்தாவுக்குச் சொன்னபடி கொடுக்காவிட்டால் பெயர் போய்விடும்.
- கேட்பு அமர்வு: நூலகத்திலோ பள்ளி மண்டபத்திலோ இருபது பேர் அமர்ந்து, கைப்பேசியை அணைத்து, ஒரு தட்டை முழுவதும் கேட்டல். பிறகு விரும்பியவர் பேசலாம், பேசாமலும் போகலாம்.
- குறைந்த பதிப்பு என்று சொன்னால் அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றுதல். 100 என்று விற்றுவிட்டுப் பின்னர் ரகசியமாக 300 அச்சிடுவது, முதலில் வாங்கியவரை ஏமாற்றுவதாகும்.
- புதிதாக வருபவரை ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்கும் பழைய நேயர்களைத் தன்மையாகத் திருத்துதல். சிறு வட்டங்கள் உடைவது பெரும்பாலும் பணத்தால் அன்று, இந்தச் செருக்கால்தான்.

நேயர்கள் கையிலும் சில கடமைகள் உள்ளன. ஆண்டுக்கு இரண்டு தட்டாவது விலை கொடுத்து வாங்கலாம். கேட்டது பிடித்திருந்தால் கலைஞருக்கு ஒரு வரி எழுதலாம். வெளியீட்டகம் நின்றுபோனால் தங்களிடம் உள்ள தட்டையும் குறிப்பையும் பத்திரமாக வைக்கலாம். நாற்பது ஆண்டு கழித்துத் தேடி வருபவருக்கு அது ஒன்றே மூலமாக இருக்கக்கூடும்.

நெய்தல் நிலத்தில் என்ன பதியலாம்?

இடத்துக்கும் இசைக்கும் உள்ள உறவு தமிழருக்குப் பழகிய ஒன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்கு ஒரு யாழ், நெய்தலுக்கு வேறு யாழ். ஓர் ஊரின் ஓசை அதன் மண்ணைப் போல அதற்கே உரியது என்பது இதன் பொருள்.

கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேரும் இடத்தில் அலையோசை மணற்கரையில் கேட்பதுபோல் இராது. பக்கத்தில் முட்டத்தின் பாறைகளில் அது மீண்டும் வேறு. இந்த வேறுபாடுகளைக் காது அறியும். எழுத்தால் காட்ட முடியாது. அதேபோல், படகு தள்ளும்போதும் கரமடி இழுக்கும்போதும் கூட்டாகப் பாடும் அம்பாப் பாடல்கள் இருந்தன. இழுப்பின் தாளமே பாட்டின் தாளம். வெளிப்பொருத்து எந்திரம் வந்தபின் தண்டு வலிக்கும் வேலை குறைந்தது. வேலையோடு பாட்டும் குறைந்தது. இன்று அவற்றை முழுதாக அறிந்தவர்கள் முதியவர்களே. அவர்களுக்குப் பிறகு சொற்கள் ஏதாவது நூலில் எஞ்சலாம். பலர் மூச்சு ஒன்றாகச் சேரும் அந்த ஓசை எந்த நூலிலும் எஞ்சாது.

ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, காற்றிரைச்சலைத் தடுக்கும் உறை, இழப்பற்ற கோப்பு, பாடியவரின் பெயரும் சம்மதமும் எழுதிய ஒரு தாள்: தொடங்க இவ்வளவு போதும். கல்லூரி மாணவர் நால்வர் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. பதிந்ததைப் பாடியவருக்கே முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

முடிவுரை

சிறு இசை வெளியீட்டகம் பெரும் பணம் தரும் தொழில் அன்று. அதன் அளவுகோல் ஒரு நூறு, இருநூறு நேயர்கள். அந்த எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு, செலவை அதற்குள் அடக்கி, கலைஞருக்கு உரியதைக் காலத்தில் கொடுத்து, மூலப் பதிவுகளைப் பாதுகாப்பவர்கள் நெடுநாள் நிலைக்கிறார்கள். அகமதாபாத்தின் நாடாக்கள் ஐம்பது ஆண்டு காத்திருந்து தப்பின. எல்லா ஓசைகளுக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. எந்த ஓசை நம் ஊரில் இந்த ஆண்டு இன்னும் கேட்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்ப்பது, இக்கட்டுரையைப் படித்த மாணவர்கள் செய்யக்கூடிய முதல் பயிற்சி.